கொன்றது கல்லா, வாளா? கருவியைக் கொண்டு தண்டனையை அளந்த சட்டத்தின் வரலாறு



ஹிதாயாவின் நான்காம் பாகத்தில் ‘கிதாபுல் ஜினாயாத்’ பாடத்தைத் தொடங்கும் நாட்களில் வகுப்பு வழக்கத்தைவிட விழிப்பாக இருக்கும். தொழுகை, நோன்பு, வணிகம் ஆகிய சட்டங்களை அமைதியாகக் குறிப்பெடுத்துக்கொள்ளும் மாணவர்கள், கொலையைப் பற்றிய சட்டங்களுக்கு வந்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாடத்தில் ஒரு மஸ்அலாவை வாசித்தோம். ஒருவன் இன்னொருவரை, அவர் சிறுவரோ பெரியவரோ, கடலில் மூழ்கடித்துக் கொன்றால் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி அவன்மீது கிஸாஸ், அதாவது உயிருக்கு உயிர் என்னும் பழிவாங்கல், இல்லை. காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த மாணவர் ஒருவர் கையை உயர்த்தி, “ஹஜ்ரத், அப்படியானால் வாளை எடுக்காதவன் தப்பித்துக்கொள்வானா?” என்று கேட்டார்.

உரைநூல்கள் சொல்லும் விடையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் முகத்தில் நிறைவு இல்லை. உண்மையைச் சொன்னால், என் மனத்திலும் இல்லை. பல ஆண்டுகளாக அந்தப் பக்கத்தைச் சற்று வேகமாகவே கடந்துகொண்டிருந்தேன் என்பது அன்றுதான் எனக்கே புலப்பட்டது.

அந்த மாணவருக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அதே கேள்வியை வேறொருவர் கேட்டிருக்கிறார். அவர் மதரஸா மாணவர் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ். மாணவர் அறிந்துகொள்ளக் கேட்டார். கவர்னர் மாற்றியமைக்கக் கேட்டார். அந்தக் கேள்வியின் வழியாகத்தான் இந்நாட்டின் குற்றவியல் நீதிமன்றங்களிலிருந்து ஷரீஅத் சட்டம் படிப்படியாக வெளியேறியது. அந்த வரலாற்றை நம் மக்கள் அறிந்திருப்பது நல்லது என்று கருதி இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம்.

திருமறை கொலையை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் தவறுதலாக நிகழும் கொலையைப் பற்றியது. 93-ஆம் வசனம் வேண்டுமென்றே செய்யப்படும் கொலையைப் பற்றியது. இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகை ஒன்றை நபிமொழியிலிருந்து பெரும்பாலான ஃபுகஹாக்கள் எடுத்தார்கள். அதற்கு ‘ஷிப்ஹுல் அம்த்’ என்று பெயர். வேண்டுமென்றே செய்த கொலையை ஒத்தது என்பது பொருள். அடிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது, கொல்ல வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்படவில்லை என்னும் நிலை அது. சாட்டையாலும் தடியாலும் அடிபட்டு இறந்தவருக்கு நூறு ஒட்டகங்கள் இழப்பீடு என்னும் கருத்துள்ள ஹதீஸ் அபூதாவூத், நஸாஈ, இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளில் வந்துள்ளது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மட்டும் இந்த மூன்றாம் வகையைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. பகைமையோடு அடித்து ஆள் இறந்தால் அது கொலைதான் என்பது அவர்களின் வழி.

இப்போது சிக்கலுக்கு வருவோம். கொல்லும் எண்ணம் இருந்ததா இல்லையா என்பதைக் காழி எவ்வாறு அறிவார்? எண்ணம் உள்ளத்தில் இருப்பது. உள்ளத்தை அல்லாஹ் அறிவான். காழியின் முன் சாட்சிகளும் பிணமும் கருவியுமே இருக்கின்றன. கூஃபாவின் பேரறிஞர் அபூஹனீஃபா (ரஹ்), ஹிஜ்ரி 80 முதல் 150 வரை வாழ்ந்தவர்கள், இதற்குக் கருவியையே அளவுகோலாக வைத்தார்கள். வாள், ஈட்டி, கத்தி போன்ற ஆயுதத்தாலோ, அதைப் போல உடலைப் பிளக்கக்கூடிய கூரிய மரம், கூரிய கல், மூங்கில் சிம்பு ஆகியவற்றாலோ, நெருப்பாலோ கொன்றால் அது ‘அம்த்’. அதற்குக் கிஸாஸ் உண்டு. ஏனெனில் அவை கொல்வதற்கென்றே ஆனவை. அவற்றைக் கையில் எடுத்தவன் தன் எண்ணத்தை வெளிப்படுத்திவிட்டான். பருத்த கல்லாலோ தடியாலோ அடித்தால், அல்லது நீரில் மூழ்கடித்தால், அல்லது கழுத்தை நெரித்தால், அவை கொலைக்கென்று அமைந்த கருவிகள் அல்ல என்பதால் எண்ணத்தில் ஐயம் நுழைகிறது. ஐயம் நுழைந்த இடத்தில் கிஸாஸ் விழுந்துவிடுகிறது.

இந்நிலைப்பாட்டின் உறுதியைக் காட்ட ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. பஸராவின் இலக்கண அறிஞர் அபூஅம்ர் இப்னுல் அலா அவர்கள் இமாமைச் சந்தித்து, கனமான பொருளால் கொன்றவனுக்குக் கிஸாஸ் உண்டா என்று கேட்டாராம். இல்லை என்றார்கள் இமாம். மஞ்சனீக்கில் வைத்து எறியும் பாறையால் கொன்றாலுமா என்று கேட்டபோது, மக்காவின் அபூகுபைஸ் மலையையே தூக்கிப் போட்டாலும் இல்லை என்றார்களாம். இந்தக் கதையில் இலக்கணக்காரர்களுக்குச் சட்டம் பொருட்டே இல்லை. இமாம் ‘அபீ குபைஸ்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அபா குபைஸ்’ என்று சொல்லிவிட்டார்களா, அது பிழையா, கூஃபா வழக்கா என்பதையே அவர்கள் பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். மலை ஒருவன் தலையில் விழுந்தது யாருக்கும் உறுத்தவில்லை!

ஆனால் இமாமின் இரு மாணவர்களுக்கு உறுத்தியது. இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானீயும் (ரஹ்) தம் ஆசிரியரோடு இதில் உடன்படவில்லை. பெரிய கல்லும் பருத்த மரமும் வழக்கமாகக் கொல்லக்கூடியவையே. அவற்றால் அடித்தவன் கொல்லவே எண்ணினான் என்றார்கள் அவர்கள். வழக்கமாகக் கொல்லாத பொருளால், சிறு குச்சியாலோ சாட்டையாலோ அடித்து ஆள் இறந்தால் மட்டுமே அது ஷிப்ஹுல் அம்த். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் இதையே சொன்னார்கள். ஆக, கடலோர மாணவரின் கேள்வி ஹனஃபீ மத்ஹபுக்கு வெளியிலிருந்து வந்த கேள்வியே அன்று. அது இமாமின் சொந்த வகுப்பறையில், அவர்களுக்கு மிக நெருங்கிய இருவர் எழுப்பிய கேள்வி.

இரு தரப்புக்கும் ஆதாரங்கள் உண்டு. மதீனாவில் ஒரு சிறுமியின் தலையை இரு கற்களுக்கிடையே வைத்து நசுக்கியவனை, அவன் ஒப்புக்கொண்டபின், நபி (ஸல்) அவர்கள் அதே முறையில் தண்டிக்கச் செய்த நிகழ்ச்சி அனஸ் (ரலி) வழியாக புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. கல்லால் கொன்றாலும் கிஸாஸ் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்றார்கள் பெரும்பான்மையோர். ஹனஃபீ அறிஞர்களோ, அது கிஸாஸ் அன்று, நாட்டில் குழப்பம் விளைவித்தவனுக்கு ஆட்சித் தலைவர் என்னும் முறையில் அளிக்கப்பட்ட ‘ஸியாஸத்’ தண்டனை என்று விளக்கினார்கள். ஹுதைல் குலத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டு, ஒருத்தி எறிந்த கல்லால் மற்றவளும் அவள் வயிற்றுச் சிசுவும் இறந்தபோது, கொன்றவளின் குலத்தார்மீது தியத் விதிக்கப்பட்ட நிகழ்ச்சியைத் தம் பக்கச் சான்றாக வைத்தார்கள். ஓர் அறிவிப்பில் கல்லுக்குப் பதில் கூடாரக் கம்பு என்று வருகிறது. சண்டையில் கைக்கு எட்டியதை எடுத்து வீசுவதும், ஒரு குழந்தையின் தலையைக் கல்லின்மேல் வைத்து நசுக்குவதும் ஒன்றல்ல என்பது படிப்பவர் எவருக்கும் தெரியும். இரு ஹதீஸ்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மாணவர் இருவரின் கருத்தே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. ஹனஃபீ மதரஸாவில் பாடம் நடத்துபவன் இதைச் சொல்வதில் குறைவேதும் இல்லை. மத்ஹபுக்குள்ளேயே இருக்கும் கருத்தைத்தான் சொல்கிறேன்.

எனினும் மூத்த இமாமுக்கு நாம் அநீதி இழைத்துவிடக் கூடாது. கிஸாஸ் இல்லை என்றால் விடுதலை என்று பொருள் அன்று. ஷிப்ஹுல் அம்த் செய்தவனின் குலத்தார் கனத்த தியத்தை மூன்று ஆண்டுகளில் செலுத்த வேண்டும். தவறுதலான கொலைக்குரியதைவிட அதிக மதிப்புள்ள ஒட்டகங்கள் அதில் அடங்கும். கொன்றவன் கஃப்பாரா நிறைவேற்ற வேண்டும். அடிமையை விடுவிக்க இயலாதவன் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். கொல்லப்பட்டவரின் சொத்தில் அவனுக்குப் பங்கு இல்லை. மறுமையின் கணக்கு தனி. இவற்றுக்கு மேல் ஹிதாயாவிலேயே ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு முறை கழுத்தை நெரித்துக் கொன்றவன்மீது இமாமின் கருத்துப்படி தியத்தான். ஆனால் ஊருக்குள் மீண்டும் மீண்டும் அதையே செய்தவன் கொல்லப்படுவான், ஏனெனில் அவன் பூமியில் குழப்பம் செய்பவன் ஆகிவிட்டான். வழிப்பறிக் கொலையில் கருவியின் வேறுபாடே இல்லை. தடியாயினும் கல்லாயினும் வாளாயினும் ஒரே சட்டம். அல்மாயிதாவின் 33-ஆம் வசனத்தின்கீழ் வரும் குற்றம் அது.

அதாவது, ஹனஃபீ சட்டம் இரு கதவுகள் கொண்ட வீடு. கிஸாஸ் என்னும் கதவு குறுகலானது. கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கு உரியது. ஐயத்தின் நிழல் பட்டாலும் மூடிக்கொள்வது. ஸியாஸத், தஃஸீர் என்னும் கதவு அகலமானது, ஆட்சியாளருக்கு உரியது. முதல் கதவை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த வீடு குற்றவாளிகளின் புகலிடமாகத் தெரிந்தது. அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர்தாம் ஹேஸ்டிங்ஸ்.

1765-இல் கம்பெனிக்கு வங்காளத்தின் திவானி, அதாவது வரி வசூலிக்கும் உரிமை, கிடைத்தது. குற்றவியல் நீதியாகிய நிஜாமத் நவாபிடமே இருந்தது; அதை நாயிப் நாஜிம் முஹம்மத் ரெஜா கான் கவனித்துவந்தார். 1772-இல் ஹேஸ்டிங்ஸ் மாவட்டந்தோறும் ஃபவுஜ்தாரி அதாலத்துகளையும் அவற்றுக்கு மேல் சதர் நிஜாமத் அதாலத்தையும் அமைத்தார். தீர்ப்புகள் காழிகளும் முஃப்திகளும் தரும் ஃபத்வாவின்படியே அமைந்தன. மறு ஆண்டு, 1773 ஜூலையில், அவர் கல்கத்தா கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். கொலைக் கருவியைக் கொண்டு குற்றத்தைப் பிரிப்பதை அதில் கடுமையாகத் தாக்கினார். ஒரு குழந்தையின் தலையை நீருக்குள் அமிழ்த்திக் கொன்று, அதன் உடைகளையும் அணிந்திருந்த சிறு வெள்ளி நகைகளையும் எடுத்துச் சென்ற ஒருவனின் வழக்கை அவர் எடுத்துக்காட்டினார். கருவி எதுவும் இல்லாததால் அவனுக்கு இரத்தப் பணம் மட்டுமே விதிக்க முடிந்தது என்பது அவருடைய குறை.

அந்தக் குழந்தையை நினைத்தால் நமக்கும் ஹேஸ்டிங்ஸ் பக்கம் நிற்கத்தான் தோன்றும். ஆனால் இதே ஹேஸ்டிங்ஸ் 1772-இல் இயற்றிய விதியையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். டகாய்ட்டுகள், அதாவது கூட்டுக் கொள்ளையர், அவரவர் கிராமத்தில் தூக்கிலிடப்பட வேண்டும். அவர்களின் குடும்பத்தார் அரசின் அடிமைகளாக்கப்பட வேண்டும் என்றது அது. ஒருவன் செய்த குற்றத்துக்காக அவன் மனைவி மக்களை அடிமைகளாக்க எந்த முஃப்தியும் ஃபத்வா தந்திருக்க மாட்டார். ஒருவரின் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்னும் நெறியைத் திருமறையில் ஓதிப் பழகியவர்கள் அவர்கள். நம் சட்டம் மென்மையானது என்று குறை கூறிய கை எழுதிய விதி அது.

ஹேஸ்டிங்ஸ் காலத்தில் கருவி பற்றிய சட்டம் மாறவில்லை. மாற்றியவர் காரன்வாலிஸ் பிரபு, அமெரிக்காவில் யார்க்டவுனில் சரணடைந்து இங்கே கவர்னர் ஜெனரலாக வந்தவர். 1789-இல் மாவட்ட மாஜிஸ்திரேட்டுகளுக்குக் கேள்விகள் அனுப்பிக் குற்றவியல் நீதியின் நிலையைக் கேட்டறிந்தார். 1790 டிசம்பர் 3 அன்று புதிய விதிகள் வந்தன. நிஜாமத் நவாபின் கையிலிருந்து முழுமையாகப் பறிக்கப்பட்டது. சதர் நிஜாமத் அதாலத் முர்ஷிதாபாத்திலிருந்து கல்கத்தாவுக்கு மாறியது. கவர்னர் ஜெனரலும் கவுன்சிலும் அதன் நீதிபதிகள். தலைமைக் காழியும் இரு முஃப்திகளும் உடனிருந்து சட்டம் சொல்பவர்கள். கீழே கல்கத்தா, டாக்கா, முர்ஷிதாபாத், பாட்னா என நான்கு சுற்று நீதிமன்றங்கள். மரண தண்டனை எதுவானாலும், நீதிபதியும் முஃப்தியும் முரண்பட்டாலும், வழக்கு மேலே நிஜாமத் அதாலத்துக்குச் செல்ல வேண்டும்.

அந்த விதிகளில் நம் பொருளுக்குரியவை இரண்டு. ஒன்று, கொலைக் குற்றத்தைக் கருவியையோ முறையையோ கொண்டு அன்றி, கொன்றவனின் எண்ணத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். இரண்டு, வாரிசுகள் மன்னித்தாலும் அம்மன்னிப்பு தண்டனையைத் தடுக்காது.

முதல் விதியை அவர்கள் எவ்வாறு நியாயப்படுத்தினார்கள் என்பதுதான் எனக்கு வியப்பளிப்பது. ஆங்கிலச் சட்டத்தை மேற்கோள் காட்டவில்லை. அபூஹனீஃபாவின் கருத்தை விட்டு அபூயூஸுஃப், முஹம்மத் ஆகியோரின் கருத்தின்படி ஃபத்வா தரவேண்டும் என்றார்கள்! ஹிதாயாவை ஃபார்ஸி வழியாக ஆங்கிலத்தில் சார்லஸ் ஹாமில்டன் பெயர்த்த நூல் 1791-இல் வெளிவந்தது. அதற்கான வேலை பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது. நம் கிதாபை விரித்து, நம் இமாம்களின் கருத்து வேறுபாட்டைக் கண்டு, தமக்கு உகந்த பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த பக்கம் சரியானதே. ஆனால் இரு கருத்துகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் ‘தர்ஜீஹ்’ என்னும் பணி ஆலிம்களுக்கு உரியது. அதைக் கல்கத்தாவின் கவுன்சில் அறையில் செய்தவர்கள் கலிமா சொல்லாதவர்கள். அதாலத்தில் அமர்ந்திருந்த முஃப்திகள் அதை எழுத்தில் ஏற்றுக்கொண்டு பணியாற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் துணியமாட்டேன். மத்ஹபுக்குள் இடமுள்ள கருத்து அது; அதைக் கொண்டு ஒரு குழந்தையின் இரத்தத்துக்கு நீதி கிடைக்குமானால் மறுப்பதற்கு என்ன காரணம் இருந்திருக்கும்?

இரண்டாவது விதிக்கோ எந்த மத்ஹபிலும் துணை இல்லை. அல்பகராவின் 178-ஆம் வசனம் கிஸாஸைச் சொல்லும் மூச்சிலேயே மன்னிப்பையும் சொல்கிறது. அதை இறைவனிடமிருந்து வந்த சலுகை என்றும் அருள் என்றும் குறிப்பிடுகிறது. எனவே இங்கே கருத்து வேறுபாட்டைத் தேட முடியாத கம்பெனி, ஒரு சூழ்ச்சியான கேள்வியைக் கண்டுபிடித்தது. வாரிசுகள் கிஸாஸ் கேட்டிருந்தால் உங்கள் ஃபத்வா என்னவாக இருந்திருக்கும் என்று முஃப்தியிடம் கேட்க வேண்டும். அவர் ‘கிஸாஸ்’ என்பார். நீதிமன்றம் அதன்படி தூக்கிலிடும். நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு பெறும் ஃபத்வா. 1793-ஆம் ஆண்டின் 9-ஆம் ரெகுலேஷனில் இவையெல்லாம் தொகுத்து நிலைபெற்றன.

பின்னர் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1791-இல் உறுப்புகளை வெட்டும் தண்டனை நிறுத்தப்பட்டு, ஓர் உறுப்புக்கு ஏழு ஆண்டுகளும் இரண்டுக்குப் பதினான்கு ஆண்டுகளுமாகச் சிறை என்று மாற்றப்பட்டது. 1797-இல் தியத்துக்குப் பதில் சிறை வந்தது. 1802-இல் சென்னை மாகாணத்திலும் இதே வடிவில் ஃபவுஜ்தாரி அதாலத்தும் சுற்று நீதிமன்றங்களும் அமைந்தன. அங்கும் ஃபத்வா தர முஸ்லிம் சட்ட அதிகாரிகள் இருந்தார்கள். 1832-இல் வங்காளத்தில் முஸ்லிமல்லாதோர் இச்சட்டத்தின்கீழ் விசாரிக்கப்படுவதிலிருந்து விலக்குப் பெற வழி செய்யப்பட்டது. கழுத்தை நெரித்துக் கொல்லும் தக்கர்களை அடக்க 1836-இல் வந்த சட்டமோ கருவி, எண்ணம் இரண்டையும் கடந்துவிட்டது. அக்கூட்டத்தில் இருந்தான் என்று நிறுவினாலே ஆயுள் சிறை. மெக்காலேயின் ஆணையம் 1837-இல் வரைவை அளித்து, 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டு, 1862 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 1864-இல் நீதிமன்றக் காழிகள், முஃப்திகள் பதவிகளும் நீக்கப்பட்டன. ஃபத்வாவை நம்பி நடந்த குற்றவியல் நீதிக்கு அத்துடன் முற்றுப்புள்ளி.

கருவி என்னும் கேள்வி அத்துடன் முடிந்ததா? இல்லை. முன்வாசல் வழியே அனுப்பிய விருந்தாளி பக்கவாசல் வழியே உள்ளே வந்து அமர்ந்துகொண்டார்.

புதிய சட்டத்தின் 300-ஆம் பிரிவு, கொலையை வரையறுப்பது, எந்தக் கருவியையும் பெயர் சொல்லவில்லை. எண்ணத்தையும் அறிவையும் மட்டுமே பேசியது. ஆனால் காயம் பற்றிய பிரிவுகளைப் பாருங்கள். வெறுங்கையால் காயப்படுத்தினால் 323-ஆம் பிரிவில் அதிகபட்சம் ஓராண்டு. சுடும், குத்தும், வெட்டும் கருவியாலோ, நெருப்பாலோ, நஞ்சாலோ காயப்படுத்தினால் 324-ஆம் பிரிவில் மூன்றாண்டு. கொடுங்காயத்துக்கு 325-இல் ஏழாண்டு வரை. அதே காயம் ஆபத்தான ஆயுதத்தால் ஏற்பட்டால் 326-இல் பத்தாண்டு, அல்லது ஆயுள் வரை. கலகம் செய்தால் இரண்டாண்டு. கொடிய ஆயுதத்தோடு கலகம் செய்தால் மூன்றாண்டு. கொள்ளையில் கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால் 397-இன்படி ஏழாண்டுக்குக் குறையாத சிறை. இங்கே நீதிபதி விரும்பினாலும் குறைக்க முடியாது. கூரிய கருவி, அதையொத்த பொருள், நெருப்பு என்னும் பட்டியலைக் கூஃபாவில் ஒருவர் படித்திருந்தால் தம் ஊர்ச் சட்டம் என்றே எண்ணியிருப்பார். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்தக் கட்டமைப்பு அப்படியே இருக்கிறது. 118-ஆம் பிரிவு பழைய 324-ஐயும் 326-ஐயும் சேர்த்துக்கொண்டது, 397 இப்போது 311.

மேல்முறையீடுகளில் எழும் வாதங்களைப் பார்த்தால் கூஃபாவின் வகுப்பறை நினைவுக்கு வரும். கொள்ளையன் கத்தியால் குத்தவில்லை, மிரட்டுவதற்காகக் காட்டினான். அது ‘பயன்படுத்தியது’ ஆகுமா? ஆகும் என்றது உச்ச நீதிமன்றம், 1975-இல். அந்தக் கட்டாய ஏழாண்டு ஆயுதத்தைக் கையாண்டவனுக்கே. உடன்வந்தவனுக்கு இல்லை என்றும் கொண்டது. பல்லால் கடித்து ஏற்படுத்திய காயம் 326-ஆம் பிரிவில் வருமா? மனிதப் பல் கொடிய ஆயுதம் அன்று என்று 2004-இல் தீர்ப்பானது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் கருவி ஒரு கல். கொலைக்கென்றோ காயத்துக்கென்றோ முத்திரை குத்தப்பட்ட ஆயுதம் எதுவும் இல்லை, அதன் அளவையும் கூர்மையையும் பயன்படுத்திய விதத்தையும் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்று கூறிய நீதிமன்றம், 2005-இல் அத்தண்டனையை 326-இலிருந்து 325-க்கு இறக்கியது. கல் பெரியதா சிறியதா, வழக்கமாகக் கொல்லக்கூடியதா என்று அபூயூஸுஃபும் முஹம்மதும் (ரஹ்) கேட்ட கேள்வியை, அவர்கள் பெயர் அறியாத வழக்கறிஞர்கள் தில்லியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொலை வழக்கிலும் இதே கதைதான். சட்டம் எண்ணத்தைக் கேட்கிறது. நீதிபதி கருவியைப் பார்த்துத்தான் எண்ணத்தைப் படிக்கிறார். 2006-இல் உச்ச நீதிமன்றம் கொல்லும் எண்ணத்தைக் கண்டறிய உதவும் குறிகளை எண்ணியபோது முதலில் வைத்தது ஆயுதத்தின் தன்மையை. அடுத்து, அதைக் கையோடு கொண்டுவந்தானா, அந்த இடத்தில் கிடந்ததை எடுத்தானா என்பதை. பின்னர் உடலின் எந்தப் பாகத்தைக் குறிவைத்தான் என்பதை. இமாம் அபூஹனீஃபாவின் அளவுகோல் ஒன்றாக இருந்தது; இவர்களுடையது பலவாக இருக்கிறது. ஆனால் உள்ளத்தைத் திறந்து பார்க்க முடியாத மனிதன் கையைப் பார்க்கிறான் என்னும் அடிப்படையில் மாற்றமில்லை.

கருவி ஒன்றையே வைத்துத் தலையெழுத்தை முடிவுசெய்யும் சட்டமும் சுதந்திர இந்தியாவில் வந்தது. 1988-இன் திருத்தம் ஆயுதச் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. தடைசெய்யப்பட்ட ஆயுதத்தைச் சட்டத்துக்கு மாறாகப் பயன்படுத்தி எவரேனும் இறந்தால், மரண தண்டனை மட்டுமே. எண்ணம் என்ன, சூழல் என்ன என்று கேட்கவே இடமில்லை. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. கருவியைக் கொண்டு உயிரை விட்டுவைத்த சட்டம் காட்டுமிராண்டித்தனம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். கருவியைக் கொண்டு உயிரை எடுத்த சட்டம் இருபதாண்டுகளுக்கு மேல் நம் ஏடுகளில் இருந்தது.

இதையெல்லாம் நான் படிக்கத் தொடங்கியதற்கு அந்த மாணவரின் கேள்வி மட்டும் காரணம் அன்று. எனக்கு அறிமுகமான ஒரு மஹல்லாவில் வாய்த்தகராறு கைகலப்பாகி, ஓர் இளைஞர் அங்கே கிடந்த உருட்டுக்கட்டையை எடுத்து இன்னொருவரைத் தலையில் அடித்துவிட்டார். அடிபட்டவர் மூன்றாம் நாள் மவுத்தாகிவிட்டார். இரண்டும் நம் பிள்ளைகள். அடித்தவரின் தாயார் என்னிடம் வந்து, “கட்டையாலதானே ஹஜ்ரத் அடிச்சான், அருவாளா எடுத்தான்?” என்று அழுதார். ஹிதாயாவின் பக்கத்தை அந்தத் தாய் படித்ததில்லை. நான் இரு கருத்துகளையும் அறிந்தவன். ஒன்றை அவரிடம் சொன்னால் ஆறுதலாக இருக்கும், இன்னொன்றைச் சொன்னால் இறந்தவனின் வீட்டுக்கு நியாயமாக இருக்கும். எதையும் சொல்லாமல் துஆ செய்து அனுப்பினேன். விசாரணை நீதிமன்றத்தில், கட்டை அங்கே கிடந்ததா, தேடி எடுத்துவந்ததா என்பதைச் சுற்றியே பல நாட்கள் சாட்சியம் நடந்தது.

1790-இன் இரு விதிகளையும் அப்போது ஒருசேர எண்ணிப் பார்த்தேன். கருவியை விட்டு எண்ணத்தைப் பார் என்ற முதல் விதியை மனமார ஏற்கிறேன்; நம் இமாம்களின் வாயிலிருந்தே அது வந்தது. மன்னிப்பைப் பொருட்படுத்தாதே என்ற இரண்டாவதை ஏற்க முடியவில்லை. அதற்கும் காரணம் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். செல்வந்தர்கள் ஏழை வாரிசுகளின் மன்னிப்பை விலைக்கு வாங்கினார்கள், மிரட்டியும் பெற்றார்கள். கணவனைக் கொன்றவனின் நிலத்தில் உழுது பிழைக்கும் விதவை எப்படி மறுப்பாள்? இதற்கு நம் ஃபிக்ஹிலேயே மருந்து இருந்தது. மன்னிக்கப்பட்ட கொலைகாரனுக்கும் மாலிகி மத்ஹபில் நூறு கசையடியும் ஓராண்டுச் சிறையும் உண்டு. ஹனஃபீகளிடம் ஆட்சியாளரின் ஸியாஸத் உண்டு. மன்னிப்பை வைத்துக்கொண்டே அதன் முறைகேட்டைத் தடுத்திருக்கலாம். கம்பெனி கதவையே அடைத்துவிட்டது. அதன்பின் வந்தவர்களும் திறக்கவில்லை. இன்றும் சிறு காயங்களுக்கு இரு தரப்பும் சமரசம் செய்துகொள்ள நடைமுறைச் சட்டம் வழி வைத்திருக்கிறது, கொலைக்கு இல்லை.

வழக்கு மேல்முறையீட்டில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் இறந்த பிள்ளையின் தகப்பனார் என் அருகில் வந்து அமர்ந்தார். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, தாம் அல்லாஹ்வுக்காக அவனை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். பணம் எதுவும் வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன் என்றார். “இதை எங்கே எழுதிக் கொடுக்கணும் ஹஜ்ரத்?” என்று கேட்டார். எழுதிக் கொடுக்கும் இடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அஸருக்கு பாங்கு சொல்லும் வரை அங்கேயே அமர்ந்திருந்தேன்.